சின்ன ஆயில் கம்பெனி ஷேர்: ஒரு போர்வெல் ஊர்க்காரனோட மூணு வருஷ ரிவியூ

எங்க ஊரு திருச்செங்கோடு பக்கம்ங்க. ரிக் வண்டிக்குப் பேர் போன ஊரு, வடக்க எந்த ஹைவேல போனாலும் எங்க ஊர் போர் லாரி ஒண்ணு எதிர்ல வரும். எங்க பெரியப்பா பல வருஷம் ரிக்ல இருந்தவரு, லீவுல அவர்கூட நானும் போயிருக்கேன். தேங்காயைக் கையில வச்சுட்டு காடு பூரா நடந்து பாயிண்ட் சொல்ற ஆளு காட்டுன எடத்துல 600 அடி எறக்கியும் வெறும் புகையாவே வரும் பாருங்க, அடிக்கு இவ்ளோன்னு பேசி நகையை அடமானம் வச்சு காசு கட்டுன தோட்டக்காரர் மொகத்த அப்ப பாக்கவே முடியாது. அந்த மொகம் இன்னமும் கண்ணுல நிக்குது. சின்ன எண்ணெய், கேஸ் கம்பெனி ஷேரைப் பத்தி எழுதறப்ப அத முதல்ல சொல்லணும்னு தோணுச்சு, ஏன்னா இங்கயும் காசு போடற நம்மதான் அந்தத் தோட்டக்காரர்.

5க்கு 2.5 தர்றேன். நல்ல பொருள்தான், ஆனா சேமிப்பைப் போட்டு வைக்கற எடம் இது இல்ல. கொழந்தை ஸ்கூல் ஃபீஸ், வீட்டு அட்வான்ஸ் இதுக்கெல்லாம் ஒதுக்குன காசை இதுல தொடவே கூடாது.

முதல்ல நிறைய பேரு கொழப்பிக்கற ஒரு விஷயம். ஆயில்னு பேர்ல இருந்தா எல்லாம் ஒரே தொழில் இல்ல. ஆல்ஃபாஜியோ பூமிக்கு அடியில சர்வே எடுத்துக் குடுக்கற கம்பெனி, ஜிண்டால் டிரில்லிங் ரிக் வாடகைக்கு விடற கம்பெனி. கிணத்துல ஒண்ணுமே இல்லைன்னாலும் வேலை பாத்ததுக்கு இவங்களுக்குக் கூலி உண்டு, எங்க ஊர் ரிக் ஓனர் புகை வந்தாலும் அடிக்கணக்குப் போட்டு வாங்கிட்டுப் போற மாதிரியேதான். தேடி எடுத்து விக்கற கம்பெனி வேற. நம்ம நாட்டுல லிஸ்ட் ஆனதுல அப்படி சின்னது ரொம்ப கம்மி, சென்னைல ஆபீஸ் வச்சிருக்கற எச்ஓஇசி (இந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளோரேஷன்), குஜராத்துல பக்ரோல், லோஹார் எண்ணெய் வயலெல்லாம் வச்சிருக்கற செலான் (இப்ப பேரு ஆண்டிலோபஸ் செலான்), இது ரெண்டுதான் சட்டுனு ஞாபகம் வரும். வெளிநாட்டுல, கனடா, ஆஸ்திரேலியா, லண்டன் மார்க்கெட்ல எல்லாம் இந்த மாதிரி கம்பெனி ஏகப்பட்டது இருக்கு.

நான் அடி வாங்குனது வெளிநாட்டு ஷேர்லதாங்க. அமெரிக்கால லிஸ்ட் ஆன ஒரு குட்டி கம்பெனி, பேரு வேண்டாம். ஆப்ல பணம் அனுப்பி 1,500 டாலருக்கு வாங்குனேன். வாங்கி ரெண்டே மாசத்துல ஒரு அறிவிப்பு, புதுக் கிணறு டெஸ்ட்ல இத்தனை பேரல் ஓடுச்சுன்னு, ஷேர் ஒரே நாள்ல 40 சதவீதம் ஏறுது, எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல சந்தோஷத்துல. மறுநாள் காலைல பாத்தா கம்பெனி புது ஷேர் வெளியிட்டு காசு தெரட்டப் போறதா இன்னொரு அறிவிப்பு, அதுவும் மார்க்கெட் வெலைய விடக் கம்மிக்கு. ஏறுன அத்தனையும் போயி அதுக்குக் கீழயும் போச்சு. அப்பறம் தான் படிச்சுப் பாத்தேன், அந்த டெஸ்ட் 24 மணி நேர டெஸ்ட். போர் போட்ட அன்னிக்கு கம்ப்ரஸர் அடிக்கறப்ப தண்ணி பனைமரம் ஒசரம் பீச்சும், ஒரு வாரம் கழிச்சு மோட்டார் எறக்குனா அரைமணி நேரத்துல காத்து இழுக்கும், இது எங்க ஊர்ல சின்னப் பசங்களுக்குக்கூட தெரியும். எனக்குத் தெரிஞ்சிருந்தும் ஷேர்ல அத யோசிக்கல. அடுத்த கிணறு டிரை, அதாவது ஒண்ணுமே கெடைக்கல. கடைசில 410 டாலரோட வெளிய வந்தேன்.

அந்தக் கம்பெனி ஏமாத்துச்சுன்னு நான் சொல்லல. உற்பத்தி வர்ற வரைக்கும் இவங்களுக்கு வருமானம்னு ஒண்ணு கெடையாது, கிணறு தோண்ட காசு வேணும், பேங்க் சுலபத்துல தராது, அப்ப ஷேர் ஏறுற நாள்தான் அவங்களுக்கு காசு கேக்கற நாள். இது இந்தத் தொழிலோட அமைப்பு. அதனால வாங்கறதுக்கு முன்னாடி கையில எவ்ளோ ரொக்கம் இருக்கு, அடுத்த கிணத்துக்கு அது பத்துமா, போன மூணு வருஷத்துல மொத்த ஷேர் எண்ணிக்கை எவ்ளோ ஏறிருக்கு, இத பாக்காம தயவுசெஞ்சு கை வைக்காதீங்க.

அப்பறம் பங்கு கணக்கு. ஒரு பிளாக்ல, அதாவது எண்ணெய் தேட அரசாங்கம் ஒதுக்கிக் குடுத்த பரப்புல, பெரிய கண்டுபிடிப்புன்னு நியூஸ் வரும், அது முழுசும் நம்ம கம்பெனிக்குன்னு நெனச்சுடுவோம். அசாம்ல டிரோக் கேஸ் வயலை எடுத்துக்கங்க, 2017 ஆகஸ்ட்ல உற்பத்தி ஆரம்பிச்சது, வயல் வேலைய நடத்தற ஆபரேட்டர் எச்ஓஇசி தான், ஆனா அவங்க பங்கு சுமார் 26.9 சதவீதம், மிச்சம் ஆயில் இந்தியாவும் இந்தியன் ஆயிலும். அதுக்கு மேல அரசாங்கத்துக்குக் கட்டற ராயல்டி, பழைய கான்ட்ராக்ட்டா இருந்தா செலவு கழிஞ்சதும் அரசாங்கத்துக்கு லாபத்துல பங்கு, 2016ல வந்த ஹெல்ப்ங்கற புது லைசென்ஸ் பாலிசில எடுத்த பிளாக்னா வருமானத்துலயே பங்கு. இத்தனையும் போயி நமக்கு என்ன நிக்குதுன்னு பாக்கணும், மொத்த கணக்கைப் பாத்து மயங்கக் கூடாது.

எனக்கு ரொம்ப முக்கியமா படறது இருப்புக் கணக்கு, அதாவது பூமிக்கு அடியில இருந்து எவ்ளோ எடுக்க முடியும்ங்கறது. ரிப்போர்ட்ல 1பி, 2பி, 3பின்னு போட்டிருப்பாங்க. 1பின்னா அவ்ளோவாவது கெடைக்க 90 சதவீத வாய்ப்பு, 2பின்னா பாதிக்குப் பாதி, 3பின்னா 10 சதவீதம்தான். ப்ராஸ்பெக்டிவ் ரிசோர்ஸ்னு போட்டா இன்னும் கிணறே தோண்டல, தேங்காய் நின்ன எடம்னு அர்த்தம். பிரசன்டேஷன்ல பெரிய எழுத்துல வர்றது முக்காவாசி கடைசி ரகமாத்தான் இருக்கும்.

பெரிய ஆளுங்களே இதுல தடுமாறியிருக்காங்க. ஆந்திரா கடல்ல இருக்கற ரிலையன்ஸோட கேஜி டி6 பிளாக்ல 2009 ஏப்ரல்ல கேஸ் வந்தப்ப ஒரு நாளைக்கு 8 கோடி கன மீட்டர் வரும்னு எதிர்பார்த்தாங்க, 2010ல 6 கோடி பக்கம் தொட்டுட்டு எறங்க ஆரம்பிச்சது, கிணத்துக்குள்ள தண்ணியும் மணலும் வந்துச்சு. ரிலையன்ஸுக்கு வேற தொழில் இருந்துச்சு, தாங்கிக்கிட்டாங்க. அதே பிளாக்ல 10 சதவீதம் வச்சிருந்த கனடாவோட நிக்கோ ரிசோர்சஸ் நெலமைய பாருங்க, 100 டாலருக்கு மேல வித்த ஷேர் சில வருஷத்துலயே ஒரு டாலருக்குக் கீழ போச்சு. ஒரே வயலை நம்பி இருக்கற கம்பெனின்னா இதுதான் ரிஸ்க். நம்ம புதுச்சேரி கடலுக்கு எதிர்ல இருக்கற பிஒய்-1 கேஸ் வயலும் 2009 நவம்பர்ல ஆரம்பிச்சது, பாறை வெடிப்புக்குள்ள இருக்கற கேஸ் அது, எதிர்பார்த்த அளவு நீடிக்கல. பக்கத்துல பிஒய்-3 எண்ணெய் வயல், எண்ணெய் தீராமயே 2011 ஜூலைல உற்பத்தி நின்னு பல வருஷம் மூடிக் கெடந்துச்சு, உற்பத்திக்கு வச்சிருந்த மெதக்கற கப்பலோட கான்ட்ராக்ட் முடிஞ்சு, அடுத்து என்ன செய்யறதுன்னு பங்காளிங்களுக்குள்ள முடிவாகல. நெலத்துக்கு அடியில இருந்தா மட்டும் போதாது, நாலு பங்காளி ஒரே நேரத்துல தலையாட்டணும். கூட்டுக் கெணறு வச்சிருக்கற குடும்பத்துல பொறந்தவங்களுக்கு நான் சொல்ற வலி புரியும்.

ஊர் மக்களோட எதிர்ப்பும் ஒரு ரிஸ்க்தான். 2017ல புதுக்கோட்டை நெடுவாசல்ல ஹைட்ரோகார்பன் எடுக்க கான்ட்ராக்ட் எடுத்த சின்ன தனியார் கம்பெனியால வேலையை ஆரம்பிக்கவே முடியல. நான் அந்த விஷயத்துல வெவசாயிங்க பக்கம்தான், இப்பவும். 2020ல டெல்டாவ பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டமே வந்துருச்சு. ஷேர் வாங்கறவன் அந்த பிளாக் எங்க இருக்கு, யாரோட வயலுக்கு அடியில இருக்குன்னு மேப்பை வச்சு ஒருதரம் பாக்கறது லாபத்துக்கும் நல்லது மனசுக்கும் நல்லது.

கச்சா எண்ணெய் வெலைய பத்தி ரொம்ப சொல்ல வேண்டாம், 2014 நடுவுல 110 டாலருக்கு மேல இருந்தது 2016 ஜனவரில 30க்குக் கீழ வந்துச்சு, 2020 ஏப்ரல்ல அமெரிக்க ஃப்யூச்சர்ஸ் (பின்னாடி டெலிவரிக்கு முன்கூட்டியே பேசற வெலை) மைனஸ்க்கே போச்சு. நம்ம கம்பெனி எந்தத் தப்பும் பண்ணாம பாதி வெலைக்கு வரும். ஒரு நல்ல விஷயம், 2022 ஜூலைல மத்திய அரசு விண்ட்ஃபால் டேக்ஸ் (வெலை ஏறுனதால வந்த எதிர்பாராத லாபத்துக்கு வரி) போட்டப்ப, முந்தின வருஷம் 20 லட்சம் பேரலுக்குக் கீழ எடுத்த சின்ன கம்பெனிகளுக்கு வெலக்கு குடுத்தாங்க. அது தெரியாம அன்னிக்குப் பதறி வித்தவங்க உண்டு. அறிவிப்பைக் கடைசி வரி வரைக்கும் படிக்கணும்னு அப்ப பழகுனேன்.

பின்ன ஏன் 2.5, ஒரு ஸ்டார் தானே தரணும்னு கேப்பீங்க. கெய்ர்ன்ங்கற எண்ணெய் கம்பெனி கதை இருக்குங்களே. ராஜஸ்தான் பார்மர்ல ஷெல் தன்னோட பாதிப் பங்கை 72.5 லட்சம் டாலருக்கு கெய்ர்னுக்குக் குடுத்துட்டு வெளிய போயிருச்சு. 2004 ஜனவரில அதே பிளாக்ல மங்களா எண்ணெய் வயல் கெடைச்சது, இந்தியால தரைல கண்டுபிடிச்சதுல ரொம்பப் பெரிய வயல்கள்ல ஒண்ணு. ஸ்காட்லாந்துல நடுத்தர அளவுல இருந்த கெய்ர்ன் அந்த வருஷமே லண்டனோட முதல் 100 கம்பெனி பட்டியலுக்குள்ள நொழைஞ்சுச்சு. அந்த மாதிரி பத்து வருஷத்துக்கு ஒருதரம் வேணா நடக்கும், ஆனா நெஜமாவே நடக்கும். எங்க பெரியப்பா சொல்ற மாதிரி, மூணு போர் புகையடிச்ச தோட்டத்துல நாலாவதுல ஊத்து வந்து இன்னிக்கு வரைக்கும் வாழை நிக்கற எடமும் இருக்கு.

இப்ப நான் வாங்கற விதம் மாறிடுச்சு. மொத்த மொதலீட்டுல 3 சதவீதத்துக்கு மேல இதுல வைக்கறதில்ல. ஏற்கனவே எண்ணெயோ கேஸோ வித்து காசு வர்ற கம்பெனி மட்டும், வெறும் மேப் காட்டற கம்பெனி வேண்டாம். ஒவ்வொரு குவாட்டரும் லாபத்த பாக்கறதுக்கு முன்னாடி தினசரி உற்பத்தி எத்தனைன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கறேன், ஏன்னா வயல்ல இருந்து வர்ற அளவு ஒவ்வொரு நாளும் கொறைஞ்சுட்டேதான் இருக்கும், புதுக் கிணறு அந்தக் கொறைவை ஈடு கட்டுதாங்கறதுதான் கேள்வி. தொடர்ந்து மூணு குவாட்டர் கொறைஞ்சா, மேனேஜ்மென்ட் என்ன காரணம் சொன்னாலும் பாதிய வித்துடுவேன்.

இந்தக் கணக்குப்படி ஒரு இந்திய ஷேரை 14 மாசமா வச்சிருக்கேன், நோட்டுல இதுவரைக்கும் ஒரு குவாட்டர்தான் கொறைஞ்சிருக்கு. வெலை நான் வாங்குனதுக்கு 9 சதவீதம் மேல நிக்குது. வெளிநாட்டு ஷேர் பக்கம் திரும்பப் போகல, அங்க டெஸ்ட் ரிசல்ட் வர்ற நேரம் நமக்கு நடுராத்திரி, காலைல எழுந்து பாக்கறப்ப எல்லாம் முடிஞ்சிருக்குது. அடுத்த ரிசல்ட் வந்ததும் நோட்டு என்ன சொல்லுதுன்னு இங்கயே கீழ சேர்த்து எழுதறேன்.