டச்பே இசைவிழா: வாடகைக்கு எடுத்த நேரடி ஒலிபரப்புச் சேவை எப்படி?

திருகோணமலை டச்பே கடற்கரையில் நடைபெற்ற இசைவிழாவை எமது இணைய வானொலியில் நேரடியாக ஒலிபரப்புவதற்கு, நகரில் இயங்கும் ஒலியமைப்பு நிறுவனமொன்றின் சேவையை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒலித்தரத்தைப் பொறுத்தவரை கொடுத்த பணம் வீண்போகவில்லை. இணைய இணைப்பைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

மேடை மிக்சரிலிருந்து ஒரு கம்பியை இழுத்து அப்படியே வானொலிக்குக் கொடுத்துவிடுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. தவிலும் நாதஸ்வரமும் இயல்பிலேயே உரத்து ஒலிப்பவை என்பதால், மேடை ஒலியைக் கவனிப்பவர் அவற்றின் மைக்கைப் பெரும்பாலும் குறைத்தே வைத்திருப்பார். மணலில் அமர்ந்திருப்பவருக்கு அது குறையாகத் தெரியாது, ஆனால் வீட்டில் கேட்பவருக்கோ பாட்டும் வயலினும் முன்னே நிற்க, தவில் அடுத்த தெருவில் வாசிப்பதுபோல் கேட்கும். இக்குழுவினர் ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் பிரித்தெடுத்து, மேடைக்குப் பின்னால் அமைத்த கூடாரத்தில் வானொலிக்கென்றே தனி மிக்சரில் கலந்தார்கள். தவிலில் குச்சியால் அடிக்கும் பக்கமான தொப்பிக்கும், கூடணிந்த விரல்களால் வாசிக்கும் பக்கமான வலந்தலைக்கும் தனித்தனி மைக் வைத்திருந்ததால், குச்சியின் அடியும் விரற்கூடுகளின் வெடிப்பும் தெளிவாகப் பிரிந்து கேட்டன. கூட்டத்தை நோக்கி வைத்த இரண்டு மைக்குகள் கைதட்டலையும் சீழ்க்கையையும் அளவோடு சேர்த்தன.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் திறந்தவெளியில் மைக்குக்கு வெறும் பஞ்சுறை போதாது. மயிர் உறை போட்டும், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியை வெட்டியும் காற்றின் உறுமலை ஏறக்குறைய இல்லாமற் செய்தார்கள். அறிவிப்பாளரின் ஹெட்போனில் அவரது குரலே சில விநாடிகள் பிந்தித் திரும்பி வராதபடி, கலையகத்திலிருந்து வரும் ஒலியில் அதை நீக்கியிருந்ததையும் குறிப்பிட வேண்டும்.

குறை இணைப்பில்தான். இரு வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளை மட்டுமே நம்பி வந்திருந்தார்கள். கூட்டம் பெருகி, ஆளாளுக்குக் கைபேசியில் நேரலை போடத் தொடங்கியதும் ஒலி விட்டுவிட்டு வந்தது. ஒலியைச் சுருக்கி இணையத்தில் அனுப்பும் ஓபஸ் குறிமுறையின் வேகத்தை விநாடிக்கு 128 கிலோபிட்டிலிருந்து 64-க்கு இறக்கிய பின்னர்தான் நிலைமை சீரானது. பாட்டுக்கு அதனால் பெரிய பாதிப்பு ஏற்படாவிட்டாலும் ஜால்ராவின் மினுக்கம் மங்கிவிட்டது. அயலிலுள்ள விடுதியொன்றில் முன்கூட்டியே பேசி ஒரு கம்பி இணைப்பை எடுத்திருந்தால் இத்தொல்லை வந்திராது. முழுநாள் வாடகை வாங்கும் ஒரு நிறுவனம் இதைத் தானாகவே யோசித்திருக்க வேண்டாமா?

மின்பிறப்பாக்கிக்கான கட்டணம் முதலில் தந்த விலைப்பட்டியலில் இல்லாமல், நிகழ்ச்சி முடிந்த பிறகே பற்றுச்சீட்டில் தோன்றியதும் எமக்கு உவப்பாக இல்லை. ஆயினும் அடுத்த விழாவுக்கும் இவர்களையே அழைப்பதாக இருக்கிறோம். கம்பி இணைப்பும் மின்பிறப்பாக்கிச் செலவும் முற்பணம் கொடுக்கும்போதே எழுத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லியும்விட்டோம்.