மரமா, மேட்ரிக்ஸா, பொறுப்பு அட்டவணையா: குழுப் பணிக்கு உதவும் வரைபடம் எது?

யாருக்குக் கீழே யார் என்பதைச் சொல்லும் அமைப்பு வரைபடம் சென்னையின் பல அலுவலகங்களில் இருக்கிறது. ஆனால் ஒரு வேலை பாதியில் நின்றால் யாரிடம் கேட்பது என்பதற்கு அது விடை தருகிறதா? அந்த ஒரு கேள்வியை வைத்து மூன்று வகை வரைபடங்களை ஒப்பிடலாம்.

மேலிருந்து கீழாகக் கிளை பிரியும் மரவடிவம், விடுப்பு, சம்பள உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றில் முடிவெடுப்பவர் யார் என்பதில் ஐயத்துக்கு இடம் வைப்பதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரண்டு ஷிப்டு ஓடும் உதிரிபாகப் பட்டறைக்கு இந்தத் தெளிவு கட்டாயம் வேண்டும். ஆனால் உற்பத்திப் பிரிவு சூப்பர்வைசர் தரப் பரிசோதகரிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமென்றால், வரைபடத்தின்படி அது ஒரு மேலாளர் வரை ஏறி இன்னொரு மேலாளர் வழியாக இறங்க வேண்டும். நடைமுறையில் அவர் நேரே நடந்து போய்க் கேட்டுவிடுவார். வரைபடம் சுவரோடு நின்றுவிடும். இந்தக் குறையை மரவடிவத்தின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல. நவீன அமைப்பு வரைபடங்களில் முதலாவது எனக் கருதப்படுவது, அமெரிக்காவின் நியூயார்க்–ஈரி ரயில்வேக்காக டேனியல் மெக்கல்லம் 1855-ல் உருவாக்கியது. அதில் இயக்குநர் குழு உச்சியில் இல்லை, வேரில் இருந்தது. அன்றாட ஓட்டத்தின் பொறுப்பு பாதை நெடுகப் பரவிய பகுதிக் கண்காணிப்பாளர்களிடம் இருந்தது. முதலாளியை உச்சியில் வரைந்தே தீர வேண்டும் என்பது பிற்காலப் பழக்கம்தான்.

மேட்ரிக்ஸ் வரைபடம் பழைய மகாபலிபுரம் சாலை மென்பொருள் நிறுவனங்களுக்குப் பழக்கமானது. இதில் ஒரே ஊழியர் இரண்டு மேலாளர்களுக்குக் கீழே வருவார்: துறை மேலாளருக்கு முழுக்கோடு, புராஜெக்ட் மேலாளருக்குப் புள்ளிக்கோடு. துறைகளுக்கிடையே ஆட்களைப் பகிர்ந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரு மேலாளர்களும் ஒரே வாரத்தில் ஒரே டெஸ்டரைக் கேட்டால் யார் சொல் நிற்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், அந்தச் சண்டையைத் தீர்க்கும் சுமை மூவரிலும் இளையவரான அந்த டெஸ்டர் மேலேயே விழும்.

மூன்றாவது ‘ரேசி’ (RACI) எனப்படும் பொறுப்பு அட்டவணை. ஒவ்வொரு வேலைக்கும் செய்பவர், முடிவுக்குப் பதில் சொல்பவர், முன்னதாகக் கலந்துபேச வேண்டியவர், தகவல் மட்டும் பெற வேண்டியவர் என நான்கு பங்குகளை அது குறிக்கிறது. பதில் சொல்பவர் ஒரு வேலைக்கு ஒருவர்தான் என்ற விதியே இதன் உயிர். தொடக்கக் கேள்விக்கு நேரடியாக விடை தருவதும் இது ஒன்றே. அன்றாடச் சில்லறை வேலைகளுக்கெல்லாம் இதைப் போடுவது வீண். தவிர, எல்லோரும் கலந்துபேசும் பட்டியலில் இடம் கேட்கத் தொடங்கினால் வேலை நகராது.

ஆகவே எழுபது, எண்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு நான் பரிந்துரைப்பது, நிர்வாகத்துக்கு மரவடிவமும், இரண்டு துறைகள் சந்திக்கும் வேலைகளுக்கு மட்டும் பொறுப்பு அட்டவணையும். மேட்ரிக்ஸ், ஒரே ஆள் பல புராஜெக்டுகளில் உண்மையாகவே பங்கிடப்படும் இடங்களுக்கு மட்டும் போதும். எதை வரைந்தாலும் பதவியோடு அதை வகிப்பவரின் பெயரையும் திருத்திய தேதியையும் எழுதுங்கள். ஒருவர் ராஜினாமா செய்யும் நாளிலேயே அவர் பெயரை மாற்றும் பொறுப்பை எச்.ஆர். பிரிவில் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.