பழைய தாரில் ஃப்ரிட்ஜ் மாட்டிய கதை

எட்டு மாதமாக என் பழைய மஹிந்திரா தார் ஜீப்பின் பின்பக்கம் 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தூத்துக்குடியில் வாங்கிய வஞ்சிரம் கோயம்புத்தூர் வந்து சேரும்போதும் கல்லு மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. முதலில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பெல்டியர் வகைப் பெட்டி (கம்ப்ரஸர் இல்லாமல் மின்சாரத் தகட்டால் குளிர்விப்பது) வாங்கி ஏமாந்தேன். அது வெளிச்சூட்டைவிட 15, 20 டிகிரிதான் குறைக்கும். ஏப்ரல் மாத வெயிலில், கேன்வாஸ் கூரை போட்ட வண்டிக்குள், மோர்கூட ஜில்லென்று இருக்காது. இந்த கம்ப்ரஸர் பெட்டி மைனஸ் 18 வரை போகிறது. பெட்டியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

மாட்டுவதில்தான் பாடுபட்டேன். பழைய தாரில் பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்ச் இருக்கும். ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த போல்ட் ஓட்டைகளிலேயே 18 மி.மீ. மரைன் ப்ளைவுட்டை இறுக்கி, மேலே லாக் உள்ள ஹெவி டியூட்டி சேனல் போட்டு இழுப்பறை மாதிரி வெளியே வரும்படி செய்தோம். பட்டறைத் தம்பி தரையில் புது ஓட்டை போட ட்ரில்லைத் தூக்கினார், தடுத்துவிட்டேன். அடியில் டீசல் டாங்க் எங்கே, பிரேக் லைன் எங்கே என்று படுத்துப் பார்க்காமல் யாரும் ட்ரில்லைத் தொடாதீர்கள். காலிப் பெட்டியே 15 கிலோ, நிரப்பினால் 40-ஐத் தொடும், சடன் பிரேக் போட்டால் அது வந்து நிற்கிற இடம் நம் பிடரி. அதனால் சேனல் லாக்கை மட்டும் நம்பாமல், கைப்பிடி இரண்டிலும் ராட்செட் பெல்ட் கட்டியிருக்கிறேன். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவிலும் அசையவில்லை. கீச் கீச் சத்தம் மட்டும் வந்தது, ரப்பர் ஷீட் வைத்ததும் அடங்கிவிட்டது.

அப்புறம் ஒயர். இதில்தான் ஒரு பை மீன் போனது. ஒரு ஆக்சஸரீஸ் கடையில் முன்பே பின்னால் 12 வோல்ட் சாக்கெட் போட்டு வைத்திருந்தேன், அதிலேயே சொருகினேன். இன்ஜின் ஓடும்வரை பிரச்சினை இல்லை. ராத்திரி வண்டியை நிறுத்தியதும் கம்ப்ரஸர் ஆன் ஆவதும் அணைவதுமாக இருந்திருக்கிறது, காலையில் திறந்தால் நாற்றம். பெட்டிதான் கோளாறு என்று திட்டிவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரியில் 12.2, ஃப்ரிட்ஜ் பிளக்கில் 11.3! கடைக்காரர் இழுத்திருந்தது 1 சதுர மி.மீ. ஒயர். போக வர பத்து மீட்டர், 5 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே காலி. பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து ஃப்ரிட்ஜ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது, பாவம். 6 சதுர மி.மீ. ஒயரை நேராக பேட்டரியிலிருந்து இழுத்து, பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டேன். இப்போது இழப்பு 0.15 வோல்ட்தான். சிகரெட் லைட்டர் பிளக்கையும் தூக்கிப்போட்டு ஆண்டர்சன் பிளக் மாட்டினேன், குலுக்கலில் கழன்று வருவதில்லை.

குறை என்றால், பலகையும் சேனலும் சேர்ந்து உயரத்தைக் கூட்டிவிட்டன, வெளியே இழுக்காமல் மூடி முழுதாகத் திறக்காது. காற்றுப்போக்கி பக்கம் நாலு விரல் இடம் விட்டும் மண் ரோட்டுப் புழுதி வந்து அடைகிறது, மாதம் ஒருமுறை பிரஷ் போட வேண்டும். ஒரே பேட்டரியில் ஒரு ராத்திரி தாங்கும், இரண்டு ராத்திரி நிறுத்தி வைப்பவர்கள் இரண்டாவது பேட்டரி பற்றி யோசியுங்கள்.

கழற்றிய பெஞ்ச் இப்போது வீட்டுத் திண்ணையில் செங்கல் மேல் இருக்கிறது. அப்பா அதில் உட்கார்ந்துதான் பேப்பர் படிக்கிறார், திருப்பிக் கேட்டால் தர மாட்டார் போலிருக்கிறது.