நேரடி விதைப்பா, நாற்று நடவா?

வசந்தத் தோட்டத்துக்கு விதை வாங்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். கேரட், முள்ளங்கிக்கு நேரடி விதைப்புதான். நாற்றைப் பிடுங்கி நட்டால் ஆணிவேரின் நுனி அறுந்து, கிழங்கு கவட்டையாகப் பிரிந்து வளரும். பீன்ஸையும் நேரே ஊன்றலாம். ஆனால் மண் 15 டிகிரி செல்சியஸாவது சூடேறட்டும், குளிர்ந்த ஈர மண்ணில் விதை அழுகிவிடும்.

தக்காளி, மிளகாய், கத்தரிக்கு நாற்றுதான் என் தேர்வு. கடைசி உறைபனிக்கு 6 முதல் 8 வாரம் முன்பே வீட்டுக்குள் விதைத்தால் காய்ப்புக் காலம் நீளும். வேலை கூடுதல்தான். வெளிச்சம் போதாவிட்டால் தண்டு வெளிறி, நூலாக நீண்டு சாய்ந்துவிடும். நடும் முன் ஒரு வாரமாவது நாற்றுகளை வெளியில் வைத்து, வெயிலுக்கும் காற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தக்காளியைச் சற்று ஆழமாகவே நடலாம், புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும்.