முருங்கைக்கு ஒன்று, குளத்துக்கு ஒன்று: பறவைப் படம் எடுக்க எந்த கேமரா?

பறவைப் படம் எடுக்க கேமரா வேண்டும் என்று கடையில் கேட்டால், பேச்சு நேராக ஜூமுக்குத்தான் போகும். 60 மடங்கா, 83 மடங்கா, 125 மடங்கா? இந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு வகை கேமராவை வீட்டு மொட்டை மாடியிலும் கோவை சிங்காநல்லூர் குளத்தங்கரையிலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன். வீட்டுப் பக்கத்துப் பறவைக்கு ஜூம் குறைவது அரிது. குறைவது வெளிச்சம்.

ஒன்று நிக்கான் பி950, லென்ஸைக் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமரா. 83 மடங்கு ஜூம், அதாவது 2000 மி.மீ. லென்ஸுக்குச் சமமான ரீச் (எட்டிப் பிடிக்கும் தூரம்). இன்னொன்று கேனான் ஆர்10, லென்ஸை மாற்றக்கூடிய மிர்ரர்லெஸ் பாடி, அதில் ஆர்எஃப் 100-400 மி.மீ. லென்ஸ். படம் பதியும் சென்சாரின் அளவையும் கணக்கில் சேர்த்தால் 640 மி.மீ.க்குச் சமம். இரண்டாவதுதான் கனம் என்று பலரும் நினைப்பார்கள். பி950 ஏறத்தாழ 1,005 கிராம், கேனான் பாடியும் லென்ஸும் சேர்ந்து 1,064 கிராம். தோளுக்கு வித்தியாசம் தெரியாது, பர்ஸுக்கு நன்றாகவே தெரியும்.

காலை ஆறே முக்காலுக்கு எங்கள் முருங்கைக்கு ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு வரும். மாடிச் சுவரிலிருந்து அந்தக் கிளை 6 மீட்டர். பி950-ஐ முழு ஜூமில் வைத்தால் ஃபிரேமுக்குள் அடங்குவது 11 செ.மீ. அகலம்தான். சிட்டே 10 செ.மீ. இருக்கும், அதுவும் ஒரு பூவில் இரண்டு நொடி நிற்காது. ஜூமைக் குறைத்துத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த கிளைக்குப் போய்விடும். சரி, குறைத்தே எடுக்கலாம் என்றால், எந்த ரீச்சுக்காக இதை வாங்கினோமோ அது இங்கே வேலைக்கு வரவில்லை.

கேனானில் அதே 6 மீட்டரில் 33 செ.மீ. அடங்கும். சிட்டு, பூங்கொத்து, இரண்டு இலை, சுற்றிலும் கொஞ்சம் காற்று. பூவுக்குள் அலகை விட்டு ஆண் சிட்டு தலையைத் திருப்பும்போது உச்சந்தலையில் ஒரு பச்சை மின்னும், அரை நொடிதான். அதைப் பிடிக்க ஷட்டர் வேகம் 1/500 நொடியாவது வேண்டும். அந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ, அதாவது மங்கிய ஒளியையும் கூட்டிக் காட்டும் அளவு, 3200-க்குப் போயே ஆகவேண்டும். இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. 400 மி.மீ.யில் கேனான் லென்ஸின் திறப்பு எஃப்/8, பி950-க்கோ முழு ஜூமிலும் எஃப்/6.5 (எண் சிறிதானால் திறப்பு பெரிது). திறப்பை மட்டும் பார்த்தால் பி950தான் மேல். ஆனால் ஆர்10-இன் சென்சார் பரப்பு ஏறத்தாழ 12 மடங்கு பெரியது. சின்ன சென்சாரில் இறகு தனித்தனியாகத் தெரியாமல் ஈரத் துணியால் துடைத்த வண்ணம் போலக் குழைந்துவிடுகிறது. பெரியதில் கொஞ்சம் பொரி பொரியாக இருந்தாலும் இறகு இறகாகவே தெரிகிறது. பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்வதும் ஆர்10-இல் பெரிய உதவி.

குளத்துக்குப் போனால் கதை மாறும். சேற்றுத் திட்டில் 40 மீட்டர் தள்ளி ஒரு பட்டாணி உப்புக்கொத்தி ஓடுகிறது. கேனானில் அது ஃபிரேம் அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. பி950-இல் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையம் தெரிந்தது, எந்த உப்புக்கொத்தி என்று உறுதியானது. பொங்கல் சமயத்தில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு இப்படிப்பட்ட அடையாளப் படம் போதும், அழகாக இருக்கவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் வெயில் ஏறி ஒன்பது மணி ஆனால் தண்ணீர் மேல் காற்று நெளிய ஆரம்பிக்கும். அப்புறம் 2000 மி.மீ. இருந்தும் பயனில்லை, கானலைத்தான் பெரிதாக்கிக் காட்டும்.

பறவைகளை இனம் பிரித்துப் பட்டியல் போடுவதுதான் உங்கள் ஆசை, குளமும் நடக்கும் தூரத்தில் இருக்கிறது என்றால் பிரிட்ஜ் கேமராவே போதும். முந்தைய மாடலான பி900-ஐவிட பி950 நல்லது, பிறகு திருத்த வசதியான ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) கிடைக்கும். படம்தான் முக்கியம், வீட்டைச் சுற்றி மரம் இருக்கிறது என்றால் நான் பெரிய சென்சார் பக்கம்தான் நிற்பேன். புதிதாக வாங்க முடியவில்லையா? பழைய டிஎஸ்எல்ஆர், அதோடு 55-250 மி.மீ. லென்ஸ் இரண்டாம் கையாகப் பாருங்கள். தூரக் குறையை ஒரு மண்சட்டி தீர்த்துவைக்கும்.

உண்மையாகவே சொல்கிறேன். அகலமான சட்டியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர், பக்கத்தில் பறவை வந்து உட்கார ஒரு காய்ந்த கிளை. கதவிலிருந்து 3 மீட்டரில் வைத்து, நீங்கள் வீட்டு நிழலுக்குள் உட்காருங்கள். எங்கள் வீட்டில் நான்காம் நாள் தவிட்டுக்குருவிகள் வந்தன. முதலில் ஒன்று இறங்கி எட்டிப் பார்த்தது, பிறகு ஏழும் சட்டிக்குள் நெருக்கியடித்துக் குளித்தன.

கூடு கண்ணில் பட்டால் மட்டும் இரண்டு கேமராவையும் கீழே வையுங்கள். நாம் நின்று பார்க்கும் இடத்தைக் காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும்.