ஈரக்காற்று ஊரில் பியானோப் பயிற்சி: பழைய அப்ரைட்டா, டிஜிட்டலா?

வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, இரவு ஒன்பதரைக்கு மேல் கிடைக்கும் நாற்பது நிமிடத்தில் கடினமான ஒரு பியானோ அரேஞ்ச்மென்ட்டைப் பழக நினைக்கும் பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிரேட் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளின் கணக்கு வேறு. இடம் மலேசியாவின் கீழ்ப் பேராக்: ஊத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான், பாகான் டத்தோ வட்டாரம். சுற்றிலும் செம்பனை, ஒரு பக்கம் பெர்ணம் ஆறு. இரவு கொடியில் விட்ட துணி காலையில் தொட்டாலும் ஈரமாகத்தான் இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் இருப்பவர் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஜப்பானில் ஓடிப் பழுது பார்க்கப்பட்டு இங்கே விற்பனைக்கு வரும் பழைய அப்ரைட், அதாவது கம்பிகள் செங்குத்தாக நிற்கும் பெட்டிப் பியானோ. மற்றொன்று, அழுத்தினால் கனம் தெரியும் 88 கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோ. நான் எடுத்தது டிஜிட்டல். அதற்கு முதல் காரணம் பராமரிப்பு.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஒலியில் நல்ல அப்ரைட்தான் உயர்வு. விலையில் டிஜிட்டல் பல மடங்கு குறைவு. யமாஹா யு-1 வகை அப்ரைட் 121 செ.மீ. உயரம், ஏறக்குறைய 228 கிலோ. லோரியும் நான்கு ஆளும் வேண்டும், மாடிப்படி என்றால் யோசிக்கவே வேண்டும். யமாஹா பி-45 போன்ற டிஜிட்டல் 11.5 கிலோதான், சிறிய காரில் பின் இருக்கையை மடக்கினால் போய்விடும். ஹெட்ஃபோன் போட்டால் தாமான் (குடியிருப்புப் பகுதி) வரிசை வீட்டில் பக்கத்துச் சுவருக்குக் கேட்காது. அப்ரைட்டின் நடுப் பெடலை அமுக்கினால் சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு ஃபெல்ட் துணி இறங்கிச் சத்தம் குறையும். ஆனால் கட்டையின் உணர்வும் மாறிவிடும். 61 கட்டை கீபோர்டு இந்தப் பேச்சிலேயே இல்லை. கனமில்லாத கட்டையில் பழகிய கடினமான பகுதி உண்மையான பியானோவில் கை கொடுக்காது.

இனி முக்கியமான விஷயம். கடினமான அரேஞ்ச்மென்ட் என்றால் வழக்கமாக எங்கே இடிக்கும்? இடது கை கீழ் பாஸை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஓர் ஆக்டேவுக்கும் (எட்டுச் சுரத் தூரம்) மேல் தாவி நடுவில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்க வேண்டும். அதே நேரம் வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மெட்டைப் பாட, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் உள் சுரங்களை அடக்கமாக நிரப்ப வேண்டும். திரைப்பாடல் அரேஞ்ச்மென்ட்டோ தேவாலயப் பாமாலையோ, ஒரு பக்கத்தில் இப்படி நான்கு பார்களாவது (தாளக் கட்டங்கள்) இருக்கும். அவற்றைத் தனியே பென்சிலால் வட்டமிட்டு, இடது கையைத் தனியாக எடுத்து, முதலில் ஒலி எழுப்பாமல் தாவி இறங்கும் இடத்தைத் தொட மட்டும் பழக வேண்டும். பிறகு மெட்ரோநோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 50 தட்டில் ஐந்து முறை பிசகாமல் வந்தால் 54, அதன் பின் 58. ஒரே இரவில் மூன்று படிக்கு மேல் ஏறினால் மறுநாள் அது நிற்காது. வலது கைக்கு வேறு வேலை: மெட்டைச் சத்தமாகவும் உள் சுரங்களைத் தொட்டும் தொடாமலும் வாசிக்க வேண்டும். விரலுக்கு விரல் அழுத்தம் வேறுபட வேண்டிய வேலை இது.

இந்த வேலைக்கு வாத்தியம் ஒரே ஒரு உதவி செய்தால் போதும்: நேற்று இருந்தபடியே இன்றும் இருக்க வேண்டும். நம் ஊரில் அப்ரைட் தடுமாறுவது அங்கேதான்.

அப்ரைட்டுக்குள் ஏறக்குறைய 230 கம்பிகள் மொத்தம் 18, 20 டன் இழுவிசையில் நிற்கின்றன. அவற்றின் அதிர்வைத் தாங்கி ஒலியாக்குவது மரத்தாலான ஒலிப்பலகை. காற்றில் ஈரம் ஏறினால் பலகை ஊதி முன்னே புடைக்கும், கம்பி இறுகும், சுருதி ஏறும். காய்ந்தால் எதிர்மாறு. எல்லாக் கம்பியும் ஒரே அளவில் ஏறினாலாவது பரவாயில்லை. நடு ஆக்டேவுகள் அதிகம் நகரும், அடி பாஸ் அவ்வளவாக நகராது. அதனால் இடது கை பாஸும் நடுக் கார்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். சரியான சுரத்தைத்தான் வாசித்தோமா என்று நோட்ஸைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கும் ஒலி அது.

அதைவிட மோசம் கட்டை ஒட்டுவது. ஒவ்வொரு கட்டையும் நடுவிலும் முன்னாலும் இரண்டு ஊசிகளில் ஏறி இறங்குகிறது. ஊசி செல்லும் துளையில் மெல்லிய துணி ஒட்டியிருக்கும். ஈரத்தில் அந்தத் துணி ஊதி ஊசியைப் பிடித்துக்கொள்ளும். நடு ஸாவுக்கு (மிடில் சி) அடுத்த ரி கட்டை ஒன்று இப்படி மந்தமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மெதுவாக அழுத்தினால் ஒலி வராது. ஆகவே விரல் தானாகவே அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் கூடுதலாக அழுத்தக் கற்றுக்கொள்ளும். இரண்டு வாரம் இப்படிப் பழகிய பிறகு வெயில் அடித்துக் கட்டை இளகினாலோ, நல்ல பியானோவில் போய் உட்கார்ந்தாலோ, அடங்கியிருக்க வேண்டிய அந்த உள் சுரம் மெட்டை மிதித்துக்கொண்டு எழும்பும். பழுதான கட்டையில் செய்த பயிற்சி வீணாவதோடு நிற்பதில்லை, அதை மறக்கவும் தனியாக உழைக்க வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் கூடக் கிடைக்காதவருக்கு இது பெரிய நஷ்டம்.

எது ஒட்டுகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கட்டையை அழுத்தி விடுங்கள். கட்டையே கீழே தங்கினால் ஊசித் துணிதான் காரணம். டியூனர் (சுருதி சேர்ப்பவர்) அதற்கென்று உள்ள இடுக்கியால் துணியை லேசாக நசுக்கி இடம் பண்ணுவார். கட்டை மேலே வந்தும் சுத்தியல் சோம்பலாகத் திரும்பினால், சுத்தியல் ஆடும் சிறு அச்சு இறுகியிருக்கிறது. அதற்கு அந்தப் பகுதியைக் கழற்ற வேண்டும். இரண்டிலும் எண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ அடிக்கவே கூடாது. ஃபெல்ட் அதை உறிஞ்சிக்கொண்டு அழுக்கையும் சேர்த்துப் பிடிக்கும்.

ஈரத்தைச் சமாளிக்க வழியில்லை என்று சொல்லவில்லை. கீழ்ப்பலகைக்குள் வைக்கும் சூடு கம்பி நல்ல தீர்வு. 25 வாட் என்றால் இருபத்து நான்கு மணி நேரமும் எரிந்தாலும் மாதம் 18 யூனிட்தான். ஆனால் விடாமல் எரிய வேண்டும், பாலேக் கம்போங் (சொந்த ஊருக்கு) போகும்போது கூட அணைக்கக் கூடாது. இரவு மூன்று மணி நேரம் மட்டும் ஏர்கோன் போட்டு அணைப்பது எதுவும் செய்யாததை விடக் கெடுதல், ஏனென்றால் மரத்தை வாட்டுவது ஏற்ற இறக்கம்தான். ஈரம் உறிஞ்சும் பிளாஸ்டிக் டப்பாவை உள்ளே வைப்பவர்கள் உண்டு. அதில் சேரும் தண்ணீர் ஒரு நாள் கவிழ்ந்தால் அடிக்கட்டைகள் போயின. மழைச் சாரல் படும் வெளிச்சுவரில் சாய்க்காமல், உட்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். அடுப்படி ஆவியும் சாமி மேடைச் சாம்பிராணிப் புகையும் எட்டாத இடமாக இருந்தால் இன்னும் நல்லது. கரையான் ஒரு கண், ஃபெல்ட் தின்னும் பூச்சி ஒரு கண், எலி ஒரு கண் என்று மூன்று கண் வேண்டும்.

டியூனிங் ஆண்டுக்கு இரண்டு முறை. சிறு ஊருக்கு டியூனர் ஈப்போவிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வருவார், அவர் இந்தப் பக்கம் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். கூலி, பயணம் எல்லாம் சேர்த்து ஒரு முறைக்கு 200 மலேசிய வெள்ளிக்குக் குறையாமல் ஒதுக்கி வைப்பது பத்திரம். பல ஆண்டுகள் டியூன் செய்யாமல் கிடந்த பியானோ என்றால் ஒரே நாளில் முடியாது: அரைச் சுரம் இறங்கியிருந்தால் முதலில் மொத்தமாக ஏற்றி, சில வாரம் விட்டு, மறுபடி நுணுக்கமாகச் சேர்க்க வேண்டும். துருப்பிடித்த கம்பி அந்த ஏற்றத்தில் அறுந்து போகலாம்.

டிஜிட்டலுக்கும் பராமரிப்பு உண்டு. ஆனால் அது வீட்டுக்காரர் கைக்குள் அடங்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இடி இறங்கும் பருவத்தில், வாசித்து முடித்ததும் அடாப்டரைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. நீளத்துக்குத் துணி போட்டு மூடினால் எறும்பும் பல்லியும் உள்ளே குடித்தனம் வராது. சில ஆண்டுகளில் ஏதோ ஒரு கட்டை மட்டும் திடீரென்று உரக்க ஒலிக்கும், அல்லது ஒலிக்காமல் போகும். அடியில் இருக்கும் ரப்பர் பட்டையில் தூசி படிந்திருக்கிறது என்று அர்த்தம். திறந்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். இல்லையென்றால் அந்தப் பட்டையை மாற்ற வேண்டும். கட்டை 'டக் டக்'கென்று ஓசையிட ஆரம்பித்தால் உள்ளிருக்கும் ஃபெல்ட் நசுங்கியிருக்கும். எது எப்படியானாலும் சுருதி நகராது. நடு ஸாவுக்கு மேலுள்ள 440 ஹெர்ட்ஸ் சுரம் அடைமழையிலும் 440-தான்.

டிஜிட்டலில் பழகும்போது வரும் குறைகளை மறைக்கக் கூடாது. முதலாவது பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்களின் எண்ணிக்கை. 64 குரல் என்று எழுதியிருந்தால் 64 சுரம் என்று எண்ண வேண்டாம். இரட்டை ஒலிப் பதிவில் ஒரு சுரமே இரண்டு குரலை எடுத்துக்கொள்ளும். பெடலை அமுக்கியபடி மூன்று ஆக்டேவுக்கு ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) ஓட்டினால், முதலில் தட்டிய பாஸ் நடுவழியில் சத்தமில்லாமல் அறுந்துவிடும். கை பிசகிவிட்டது என்று நினைத்து அதே இடத்தை இருபது முறை வாசிப்பவர்கள் உண்டு, தவறு கையில் இல்லை. இப்படிப்பட்ட அரேஞ்ச்மென்ட் பழக 96-க்குக் கீழே போகாதீர்கள். ரோலண்ட் எஃப்பி-10-இல் அந்த அளவு இருக்கிறது, கட்டையின் கனமும் நன்றாக இருக்கிறது. அதன் கட்டையில் மூன்று சென்சார்கள் இருப்பதால், ஒரே சுரத்தைக் கட்டை முழுதும் மேலேறும் முன்பே திரும்ப எழுப்ப முடியும். கிராண்ட் பியானோவில் இதற்காகப் பியானோ தயாரிப்பாளர் எரார் 1821-இல் காப்புரிமை பெற்ற இரட்டை விடுப்பு அமைப்பு அப்ரைட்டில் கிடையாது என்பதையும் நினைவில் வைத்தால், வேகமான திரும்பல் சுரங்களில் டிஜிட்டல் ஒன்றும் குறைந்து போவதில்லை.

இரண்டாவது, பெட்டியோடு வரும் சின்னப் பெடல். அதற்குத் தெரிந்தது ஆன், ஆஃப் மட்டுமே. அரைப் பெடல் (பெடலைப் பாதி மட்டும் அமுக்குவது) பழகவே முடியாது, தரையில் வழுக்கிக்கொண்டும் போகும். அரைப் பெடலை ஏற்கும் கனமான பெடலைத் தனியாக வாங்கி, ரப்பர் விரிப்பில் வையுங்கள். மூன்றாவது, சத்தத்தைக் குறைத்து வைக்கும் பழக்கம். வால்யூம் குறைவாக இருந்தால் விரல் ஓங்கி அடிக்கப் பழகும், மணிக்கட்டு இறுகும். முக்கால் அளவில் வைத்து, அதற்குப் பிறகு தொடவே தொடாதீர்கள். டச் அமைப்பை 'மீடியம்' நிலையில் விடுங்கள். எக்ஸ் வடிவ ஸ்டாண்டு ஆக்டேவ் அடிக்கும்போது ஆடும். கட்டையின் மேல்தளம் தரையிலிருந்து 72, 74 செ.மீ. வரும்படி உறுதியான மேசையே மேல்.

நான்கு பாரைச் சுற்றிச் சுற்றிப் பழக, பதிவு செய்யும் வசதி பெரிய துணை. இடது கையைப் பதிந்து ஓடவிட்டு வலது கையை மேலே வாசிக்கலாம். விலை குறைந்த சில மாடல்களில் அது இருக்காது. அப்போது கைப்பேசியை இணைத்துக்கொள்ளலாம். சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை மட்டும் பயிற்சிக் காலத்தில் தொடாதீர்கள். கண்ணில் ஒரு சுரமும் காதில் ஒரு சுரமுமாகக் குழம்பும்.

அப்ரைட்டுக்கே உரியதை அப்ரைட்தான் தரும். பெடல் இறங்கியதும் தொடாத கம்பிகளும் சேர்ந்து முனகுவது, மெதுவான சுரத்தில் விரல் நுனி உணரும் பல படிகள், இவை எல்லாம் கடைசி மெருகுக்கு வேண்டும். ஆகவே சுரமும் விரலும் படிந்த பிறகு, தேவாலய மண்டபத்திலோ இசை ஆசிரியர் வீட்டிலோ உள்ள பியானோவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே முதலில் வாசிக்க வேண்டியது முழுப் பாட்டை இல்லை. பெடலை மட்டும் வைத்து, இடது கையை மெதுவாக.

ஏற்கெனவே நாள் முழுதும் ஏர்கோன் ஓடும் அறை இருப்பவருக்கும், டியூனர் மாதந்தோறும் வந்து போகும் பள்ளி பக்கத்தில் இருப்பவருக்கும் என் தராசு சாயாமல் போகலாம். மறுவிற்பனையிலும் நன்றாகக் காய்ந்த அறையில் இருந்த யு-1 விலை தாங்கும், டிஜிட்டல் தாங்காது. ஆனால் ஈர வீட்டில் துருவேறிய அப்ரைட்டை எடுத்துப் போகவே ஆளுக்குக் காசு கொடுக்கும் நிலை வரலாம். ஹெட்ஃபோன் போட முடிகிற சைலன்ட் அப்ரைட் ஆசையைக் கிளப்பும். அதில் மரத்தின் கவலையோடு மின்சாதனத்தின் கவலையும் சேர்கிறது, பத்தாண்டு கழித்து அது எப்படி நிற்கும் என்பதில் எனக்குத் துணிந்து சொல்ல அனுபவம் போதாது.

பழைய டிஜிட்டல் வாங்கப் போனால், கடைக்காரர் போடும் டெமோ பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். ஹெட்ஃபோனை மாட்டி, கீழிருந்து 88 கட்டைகளையும் ஒரே மெல்லிய அழுத்தத்தில் ஒவ்வொன்றாக இறக்குங்கள். பிறகு ஓங்கி அடித்து ஒரு முறை. மெதுவில் துள்ளும் கட்டையையும் ஓங்கலில் ஊமையாகும் கட்டையையும் தாளில் குறியுங்கள். இரண்டு மூன்று என்றால் துடைத்தால் போகும், விலை பேசலாம். வரிசையாகப் பன்னிரண்டு கட்டைகள் அப்படி இருந்தால் ஒரு ரப்பர் பட்டையே போயிருக்கிறது. அந்த மாடலுக்குப் பட்டை இன்னும் கிடைக்கிறதா என்று கேட்டுத் தெரிந்த பிறகே பணத்தை எடுங்கள்.