டிரைவில் ஓடும் மோட்டாருக்கு நானோ காயில் கம்பியும் வார்னிஷும்: காசுக்குத் தகுமா?

"நானோ கம்பி போட்டுட்டா காயில் எரியவே எரியாதுங்க." சேலத்தில் ரீவைண்டிங் சாமான் விற்கும் கடைகளில் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது. டிரைவில், அதாவது வேகத்தை மாற்றும் விஎஃப்டியில், ஓடும் மோட்டார் என்றால் இதில் பாதி உண்மை. டிரைவ் இல்லாமல் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் நேர் லைனில் ஓடும் மோட்டார் என்றால் கால் பங்குகூட இல்லை.

முதலில் பொருள். கம்பியில் பாலியஸ்டர்-இமைடு எனாமல் (மெல்லிய மின்காப்புப் பூச்சு), அதன்மேல் சிலிக்கா அல்லது அலுமினா நானோ துகள் கலந்த ஒரு பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே வழக்கமான பாலிஅமைடு-இமைடு. சுற்றிய காயிலை முக்கி எடுக்கும் வார்னிஷில் அதே வகைத் துகள், பெரும்பாலும் எடையில் 5 சதவீதத்துக்குள். இத்தனை கொஞ்சம் போட்டு என்ன ஆகும் என்று தோன்றும். 20 நானோமீட்டர் சிலிக்கா ஒரு கிராம் எடுத்தால் அதன் மேற்பரப்பு மட்டும் சுமார் 135 சதுர மீட்டர். அதே சிலிக்கா ஒரு மைக்ரான் துகளாக இருந்தால் 3 சதுர மீட்டர்கூடத் தேறாது. பிசினும் துகளும் ஒட்டும் அந்தப் பரப்பில்தான் வேலை நடக்கிறது.

கடையில் சொல்லும் இரண்டு காரணங்களைத் தள்ளிவிடலாம். அதிக வோல்டேஜ் தாங்கும் என்பது ஒன்று. நல்ல சாதாரண எனாமலே இரண்டு கம்பியை முறுக்கி நடுவே வோல்டேஜ் கொடுக்கும் சோதனையில் பல ஆயிரம் வோல்ட் தாங்குகிறது. 415 வோல்ட் மோட்டாருக்கு அதில் பஞ்சமில்லை. சூடு குறையும் என்பது இன்னொன்று. சில சதவீதத் துகளால் வார்னிஷ் வெப்பம் கடத்துவது பெரிதாக மாறாது, அதற்குப் பாதிக்கு மேல் துகள் கொட்ட வேண்டும். வெப்பத் தரம் எஃப் கிளாஸ் என்றால் 155 டிகிரிதான், நானோ என்று எழுதியதால் கூடிவிடாது.

உண்மையான பலன் வேறு. 415 வோல்ட் சப்ளையில், டிரைவுக்குள் ஏசி மாறி நிற்கும் டிசி பஸ் சுமார் 587 வோல்ட்; அதைத்தான் டிரைவ் பல்ஸ் பல்ஸாக வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. பேனல் ஒரு மூலையில், மோட்டார் ஐம்பது மீட்டர் தள்ளி என்று இருந்தால், கேபிள் முனையில் அலை திரும்பி அடித்து ஒவ்வொரு பல்ஸும் ஏறக்குறைய இரட்டிப்பாகி 1,100 வோல்ட்டைத் தாண்டும். கேரியர் (பல்ஸ் வெட்டும் வேகம்) 8 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு நாளைக்கு 69 கோடி பல்ஸ். அந்த அடியின் பெரும்பங்கு லைன் பக்கத்து முதல் காயிலின் முதல் சில சுற்றுகளில் விழுகிறது. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் இருக்கும் காற்றில் பார்ஷியல் டிஸ்சார்ஜ் என்ற நுண்ணிய மின்பொறி நடந்து எனாமலை மெல்ல அரிக்கும். அப்படிப் போன ஸ்டேட்டரைப் பிரித்தால் மற்ற காயிலெல்லாம் தேன் நிறத்தில் புதிதுபோல இருக்கும். லீடு பக்கம் ஒரே இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை, பக்கத்தில் உருகிய செம்பு மணி. ஓவர்லோடில் எரிந்தது இப்படி இருக்காது, எல்லாக் காயிலும் சேர்ந்து கறுத்திருக்கும்.

நானோ எனாமல் இந்த டிஸ்சார்ஜை நிறுத்துவதில்லை. தாங்குகிறது. பிசின் அரிபட அரிபட, அரிக்க முடியாத துகள்கள் மேலே அடையாகப் படிந்து கீழே இருப்பதைக் காக்கின்றன. பெரிய ஹைவோல்டேஜ் மெஷின்களில் மைக்கா செய்கிற வேலை இது, அதன் சின்ன வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். சோதனைச்சாலை ஒப்பீடுகளில் ஆயுள் பல மடங்கு கூடுகிறது.

ஏற்காட்டில் இதன் மதிப்பு இன்னும் கூடும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு; டிஸ்சார்ஜ் சீக்கிரமே தொடங்கும், காற்று குளிர்விப்பதும் குறையும். ஆனால் அங்கேதான் ஒரு ஆபத்தும் உண்டு. மேற்பரப்பு பதப்படுத்தாத சிலிக்கா ஈரத்தை இழுக்கும். மூடுபனி மாதங்களில் காபி பல்பர் மோட்டாரின் மெகர் ரீடிங் (மின்காப்பு எதிர்ப்பு) இறங்கினால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஈரம் ஒட்டாமல் சிலேன் பூசிய துகள்தானா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

இனி பட்டறை வேலை. பொருள் நன்றாக இருந்தும் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். துகள் பூச்சு கொஞ்சம் விறைப்பு. காயில் சுற்றும் அச்சான ஃபார்மரில் இழுத்துச் சுற்றினால் கம்பி நீண்டு, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும்; டிஸ்சார்ஜ் தாங்கும் குணம் அங்கே போய்விடும். டென்ஷனைக் குறையுங்கள். ஒரு துண்டை அதே தடிமனுள்ள கம்பிமேல் பத்துச் சுற்று சுற்றி லென்ஸில் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் ரீலைத் திருப்பிக் கொடுங்கள். ஸ்லாட்டில் மரக்கட்டையால் அடித்து இறக்கும் பழக்கம் இதற்கு ஆகாது. முனையைச் சுரண்டித்தான் சால்டர் வைக்க வேண்டும், நேரமாகும்.

வார்னிஷை ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து மெதுவாகக் கலக்க வேண்டும். டிரில்லில் பிளேடு மாட்டிக் கலக்கினால் நுரை கட்டும். அந்தக் குமிழிதான் நாளைக்கு டிஸ்சார்ஜ் நடக்கும் இடம். டின்னின் அடியில் கெட்டிக் கட்டி இருந்து, கலக்கியும் கரையவில்லை என்றால் துகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. அது நானோ இல்லை, மணல். கையில் கிடைத்த தின்னரை ஊற்றினாலும் இதே கதி. கம்பெனி சொன்ன தின்னர் மட்டும், பி4 கப்பில் கெட்டித்தன்மையை அளந்து.

ஸ்டேட்டரை 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்து, 50 டிகிரிக்கு ஆறவிட்டு முக்குங்கள். குமிழி நிற்கும்வரை வெளியே எடுக்கக் கூடாது. அரை மணி வடியவிட்டு ஓவனில் பேக்கிங். டேட்டாஷீட்டில் சொல்லும் மணிக்கணக்கை, காயில் அந்தச் சூட்டுக்கு வந்த பிறகுதான் எண்ண வேண்டும். ஓவன் முள் 150 காட்டும்போது பெரிய ஸ்டேட்டரின் உள்ளே 90கூட இருக்காது. இரண்டாவது முக்கு, ஸ்டேட்டரைத் தலைகீழாகத் திருப்பி.

500 வோல்ட் மெகரில் நல்ல ரீடிங் வந்தால் வேலை முடிந்தது என்று அனுப்பிவிடுகிறார்கள். மெகர் பாடிக்கும் காயிலுக்கும் நடுவே உள்ளதை மட்டுமே பார்க்கும். சுற்றுக்குச் சுற்று உள்ள எனாமல் அதற்குத் தெரியாது. பல்ஸ் அடித்து அதைச் சோதிக்கும் சர்ஜ் டெஸ்டர் இருக்கும் பட்டறையாகப் பாருங்கள்.

என் மதிப்பெண்: கம்பிக்கு ஐந்துக்கு நாலு. வார்னிஷுக்கு இரண்டரை, கம்பி சாதாரணமாக இருந்து வார்னிஷ் மட்டும் நானோ என்றால் அது அரைகுறைப் பாதுகாப்பு. வாங்கும்போது பிரேக்டவுன் வோல்டேஜ் சர்டிஃபிகேட் காட்டுவார்கள். அது போதாது, பல்ஸ் அடியை எத்தனை நேரம் தாங்கும் என்று காட்டும் பல்ஸ் எண்டியூரன்ஸ் ரிப்போர்ட் கேளுங்கள். அதற்கும் முன்னால் கேரியரை 8-லிருந்து 4 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பாருங்கள், மோட்டார் கொஞ்சம் கத்தும், பல்ஸ் பாதியாகும். கேபிள் நீளமாக இருக்கும் ஜவ்வரிசி ஆலைகளில் டிரைவ் அவுட்புட்டில் ஒரு ஃபில்டர் போட்டால், அடியே குறைந்துவிடும்.

போர்வெல் மோட்டாருக்கு இதைக் கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் நிரப்பிய சப்மெர்சிபிளில் பிளாஸ்டிக் உறை சுற்றிய பாலிராப் கம்பிதான். எனாமலில் எத்தனை நானோ இருந்தாலும் அங்கே இறக்கக் கூடாது.